தோண்டாத சுரங்கமும் பீலித் தண்ணீரும்

செம்புக்கு மறுபடியும் மவுசு வந்துவிட்டது. மின்சாரக் கார் ஓட வேண்டுமாம், அதற்குக் கட்டுக் கட்டாய்ச் செம்புக் கம்பி வேண்டுமாம். அந்த மவுசில் கொஞ்சம் எனக்கும் கிடைத்திருக்கிறது. ஓய்வு பெற்று, கண்டியில் மகள் வீட்டு மாடியில் ரோஜாத் தொட்டிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் என்னை, நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது வேலை செய்யும் பர்ஸானா தொலைபேசியில் அழைத்தாள். திகனப் பெண். நல்ல மரியாதைக்காரி, ஆனால் கேள்வி கேட்டால் விடமாட்டாள்.

"மிஸ், தோண்டாம, பாறைக்கு உள்ளுக்கே செம்பக் கரைச்சு எடுக்குற வேலைய அந்தக் காலத்துலயே நீங்க எல்லாரும் செஞ்சு பாத்தீங்க தானே? பழைய ரிப்போட்ல ஒரு வரிதான் இருக்கு. நீரியல் காரணங்களால கைவிடப்பட்டதாம். அது என்ன காரணம் மிஸ்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நீரியல் காரணமாம்! அந்தக் காரணத்துக்குப் பெயர் லெட்சுமி. பாதிக் குளியலில், ஈரச் சேலையோடு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு மேடேறி வந்து எங்கள் முன்னால் மூச்சிரைக்க நின்ற காரணம் அது. இதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது என்று பட்டது. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் காரணத்தைவிட அந்த நாட்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன.

நான் வத்தேகமைக்காரி. அப்பா சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தேன், கண்டியில் பாறைகளையும் மண்ணையும் சோதிக்கிற ஓர் அலுவலகத்தில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தேன். முதலில் கண்ணாடிப் பாத்திரம் கழுவ விட்டார்கள். பிறகு எடை பார்க்க விட்டார்கள். கடைசியில் அமிலத்தைத் தொட விட்டார்கள். பயிற்சி என்றால் அவ்வளவுதான், இதற்கு மேல் எழுதினால் எனக்கே கொட்டாவி வரும்.

என் வேலைக்கு உயிர் வந்தது நடேசன் சேர் மாற்றலாகி வந்த பிறகு. யாழ்ப்பாணத்து மனிதர். நிலத்தடி நீரைப் பற்றி வெளிநாட்டில் படித்தவர். அதுவரை வன்னியிலும் கிழக்கிலுமே காலம் தள்ளியவர், மலை அவருக்குப் புதிது. எங்கே போனாலும் முதலில் ஒரு வாய் தண்ணீர் கேட்பார். வாங்கி உடனே விழுங்க மாட்டார். வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணை மூடி, "சுண்ணாம்பு" என்பார். அல்லது "இரும்பு" என்பார். அதன் பிறகு நான் சோதனை செய்து பார்த்தால் அநேகமாய் அப்படித்தான் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே வேலைதான். மாப்பிள்ளை வீட்டார் தண்ணீரில் ஏதோ கோளாறு என்று பயந்துபோவார்கள்.

இன்னொரு பழக்கம், அவர் வாயிலிருந்து முடியும் என்றும் வராது, முடியாது என்றும் வராது. எதைக் கேட்டாலும் "பார்ப்பம்". லீவு கேட்டால் பார்ப்பம். புதுத் தராசு கேட்டால் பார்ப்பம். மறுநாள் லீவு கிடைத்திருக்கும், தராசும் கொஞ்ச நாளில் வந்துவிடும். அந்தப் பார்ப்பத்தை நம்பித்தான் நாங்கள் எல்லாரும் வேலை செய்தோம்.

மகாவலியை மறித்து நீர்த்தேக்கம் கட்டி, பழைய தெல்தெனிய தண்ணீருக்குள் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. திகனவுக்கும் தெல்தெனியவுக்கும் இடையில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் எங்கள் ஆட்கள் வேறு எதற்கோ பாறையைத் துளைத்தபோது பச்சைக் கறை பிடித்த கல் வந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். துளை போடுகிற குழுவுக்குத் தலைவர் குணபால பாஸ். அவருடைய வீடும் தென்னை மரங்களும் நீர்த்தேக்கத்துக்குள். நீர் வற்றுகிற மாதங்களில் மட்டும் போய்க் கரையில் நின்று பார்த்துவிட்டு வருவார். அவர்தான் அந்தக் கல்லைச் சாரத்தில் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார்.

"மிஸ், மே பாருங்க. பச்ச. தம்ப தானே?"

சிங்களத்தில் மே என்றால் இது, தம்ப என்றால் செம்பு. நான் ஒரு துண்டை இடித்து, அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, அமோனியாவைச் சொட்டுச் சொட்டாய் விட்டேன். முதலில் கலங்கியது. பிறகு, இன்னொரு சொட்டில், குழாய் முழுவதும் எங்கள் கோயில் மாதாவின் அங்கி நீலமாய் மாறியது. சேர் குழாயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். பிறகு அதே கல்லில் இன்னொரு துண்டை அமிலத்தில் கரைக்கச் சொல்லி, அந்த நீருக்குள் ஒரு இரும்பு ஆணியைப் போட்டார். தேநீர் குடித்துவிட்டு வந்து எடுத்தபோது ஆணி சிவந்திருந்தது. செம்பு பூத்திருந்தது.

"பிள்ளை, இதுதான் முழுச் சுரங்கமும். விளங்குதே?" என்றார்.

விளங்கவில்லை. அவர் தாளில் கீறிக் காட்டினார். மலையை வெட்டத் தேவையில்லை. சுற்றிவர நாலைந்து துளை போட்டு, அவற்றின் வழியாக அமிலம் கலந்த நீரை உள்ளே அனுப்ப வேண்டும். பாறையின் வெடிப்புகளுக்குள் அது ஊர்ந்து போய்ச் செம்பைக் கரைக்கும். நடுவில் உள்ள துளையால் அந்த நீலத் தண்ணீரை மேலே இழுக்க வேண்டும். பழைய இரும்பு போட்ட தொட்டியில் விட்டால் செம்பு தானாய்ப் படியும். மேலே தேயிலை அப்படியே இருக்கும், தொழிலாளர் குடியிருக்கிற லயம் அப்படியே இருக்கும்.

"குணபாலான்ர வீடு தண்ணிக்குக் கீழ கிடக்கு," என்றார் சேர். "இந்தச் செம்பு ஒருத்தற்ற வீட்டையும் கேக்காது. ஒருத்தரும் இடம் விட்டு எழும்பத் தேவையில்லை. அப்பிடியொரு சுரங்கம் செய்யலாமெண்டால்..." முடிக்கவில்லை. முகத்தில் மட்டும் ஒரு பிரகாசம். நாற்பது கடந்த மனிதர், புதுச் சைக்கிள் கிடைத்த பையனைப்போல் நின்றார். அன்றைக்கு எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. அப்படிச் சுரங்கம் வந்தால் அங்கேயே ஓர் ஆய்வுகூடம் வரும், அதை நீதான் நடத்த வேண்டும் என்று பிறகு ஒருநாள் சொன்னார். அந்த ஆய்வுகூடத்தின் யன்னல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றுகூட நான் மனதில் முடிவு செய்து வைத்திருந்தேன்.

ஆசை ஒரு பக்கம், பாறை ஒரு பக்கம். அந்தப் பகுதியில் எங்கே பார்த்தாலும் சுண்ணாம்புக் கல். திகனப் பக்கத்தில் அதை வெட்டித்தானே பிழைப்பே நடக்கிறது. சுண்ணாம்புக்கும் அமிலத்துக்கும் ஆகாது. துளையிலிருந்து எடுத்த கல்லில் ஒரு சொட்டு விட்டால் சோடாப் போத்தல் திறந்ததுபோல் பொங்கும். நீளமான கண்ணாடிக் குழாயில் இடித்த கல்லை நிரப்பி, மேலிருந்து அமிலத்தைச் சொட்டவிட்டு, கீழே வருவதைப் பிடிப்பது என் வேலை. நாள் கணக்கில் சொட்டவிட்டேன். கீழே வந்தது வெறும் கலங்கல். அமிலம் முழுவதையும் சுண்ணாம்பே தின்றுவிட்டது, செம்புக்கு மிச்சமே இல்லை. தின்றது போதாதென்று வெள்ளையாய் ஒரு மாவு படிந்து குழாயையே அடைத்துக்கொண்டது.

"அமிலம் கப்பல்ல கொழும்புக்கு வந்து, லொறியில கடுகண்ணாவை மலை ஏறி இஞ்ச வரவேணும்," என்றார் சேர். "அவ்வளவு தூரம் வாறது சுண்ணாம்புக்குச் சாப்பாடு போடவோ? இது கட்டாது பிள்ளை."

"அப்ப விட்டுருவோமா சேர்?"

"பார்ப்பம்."

குணபால பாஸ் இன்னும் ஆழமாகத் துளைத்தார். சுண்ணாம்பு முடிந்து, அதற்குக் கீழே வேறோர் அடுக்கு வந்தது. பச்சைக் கறை அதிலும் இருந்தது. சொட்டு விட்டேன், பொங்கவில்லை. குழாயில் நிரப்பி அமிலம் விட்டேன். மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தபோது கீழே இருந்த முகவைக்குள் இளநீலம். நான் ஆய்வுகூடத்திலிருந்து ஓடிப்போய், கூட்டத்தில் இருந்த சேரைக் கதவைத் தட்டாமலே கூப்பிட்டேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் செய்ததில்லை.

ஆக, கீழடுக்கில் மட்டும் செய்தால் கட்டும். இனிப் பார்க்க வேண்டியது தண்ணீர். உள்ளே விடுகிற அமிலம் நடுத்துளைக்கு மட்டும்தான் வருமா, வேறெங்காவது வழி தேடிப் போகுமா? சுற்றியுள்ளவர்கள் குடிப்பது எந்தத் தண்ணீர்? இதைக் கேட்க நாங்கள் லயத்துக்குப் போனோம்.

அங்கேதான் லெட்சுமியைக் கண்டோம். கொழுந்து பறித்துவிட்டு வந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும், பேச்சு மட்டும் என்னைவிடக் கூட.

"இஞ்ச கிணறு இருக்கோ?" என்று சேர் கேட்டார். அவருடைய ஊரில் தண்ணீர் என்றால் கிணறு. வீட்டுக்கு வீடு கிணறு.

"கிணறா? இந்த மலையில கெணத்த எங்கங்க வெட்டுறது? கெணறெல்லாம் இல்லீங்க."

"அப்ப குடிக்கிறதுக்கு?"

"பீலித் தண்ணிதாங்க ஐயா. குடிக்க, குளிக்க, எல்லாத்துக்கும் பீலிதான்."

சேர் நிமிர்ந்து லயத்துக் கூரையைப் பார்த்தார். தகரக் கூரையின் ஓரத்தில் மழைநீர் வழிய ஒரு தகர வாய்க்கால், அதன் கீழே ஒரு பீப்பாய். தலையை ஆட்டிக்கொண்டார். வழக்கம்போல் ஒரு வாய் தண்ணீர் கேட்டார்.

"வந்தவங்களுக்கு வெறுந் தண்ணியா குடுப்பாங்க? நல்லாருக்கே! இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்," என்று லெட்சுமி உள்ளே போனாள். எங்கள் மலைநாட்டில் வீட்டுக்கு வந்தவருக்குப் பச்சைத் தண்ணீர் நீட்டினால் அது மரியாதைக் குறைவு. கடும் சாயமும் சீனியுமாய்த் தேத்தண்ணீர் வந்தது. அதில் எந்தப் பாறையின் ருசியை யார் கண்டுபிடிப்பது? சேர் குடித்தார், நன்றி சொன்னார், கிளம்பினோம்.

சாயச் சோதனை தொடங்கியது. அமிலத்துக்குப் பதிலாக, ஆபத்தில்லாத ஒரு சாயத்தை ஓரத்துளைகளில் விட்டு, நடுத்துளையால் நீரை இழுத்துப் பார்ப்பது. பொடியாய் இருக்கும்போது செங்கல் நிறம், தண்ணீரில் பட்டால் கிளிப்பச்சை. குணபால பாஸ் இயந்திரத்தை ஓட்டினார், நான் வெளியே வருகிற நீரைக் குப்பியில் பிடித்தேன். கொஞ்சம் பச்சை வந்தது. விட்ட அளவுக்கு வரவில்லை. மிச்சம் எங்கே போனது என்று சேர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை லெட்சுமி ஓடிவந்தாள். முன்னமே சொன்னேனே, பாதிக் குளியலில்.

"மிஸ்! என்னத்தக் கலந்தீங்க? பீலியில பச்சத் தண்ணி வருது! புள்ளைகளெல்லாம் குளிச்சிக்கிட்டு நிக்கிதுங்க!"

சேர் திரும்பினார். "பீலியில எப்பிடி? நேற்று மழையும் இல்லையே."

"மழைக்கும் பீலிக்கும் என்னங்க?"

"கூரைப் பீலிதானே?"

லெட்சுமி அவரை ஒருமாதிரிப் பார்த்தாள். "கூரையில ஏதுங்க பீலி? பீலிக்கரையில வருது. மலையிலருந்து ஊத்தா வர்ற தண்ணி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாழ்ப்பாணத்தில் பீலி என்றால் கூரைநீர் வழிகிற தகர வாய்க்கால். எங்களுக்குப் பீலி என்றால் பாறை ஊற்றில் குழாய் செருகி விழவைத்த தண்ணீர். அன்றைக்கு ஒரே சொல்லைக் கேட்டு மூன்று பேரும் தலையாட்டினோம், மூன்று பேருக்கும் ஐயமே வரவில்லை. அவர் மழைநீர் என்று நினைத்தார். பீலி விளங்காத தமிழர் ஒருவர் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இறங்கிப் போனோம். கொய்யா மரங்களுக்குக் கீழே, மேட்டின் மறுபக்கத்தில், பாறையிலிருந்து ஒரு குழாய். அதன் கீழே துணி துவைக்கும் கல். பெண்கள் குடங்களோடு ஒதுங்கி நின்றார்கள். குழாயிலிருந்து கிளிப்பச்சைத் தண்ணீர் வெயிலில் மின்னிக்கொண்டு விழுந்தது. சொல்லக் கூடாது, அத்தனை அழகு. நான் கை பிசைந்துகொண்டு நின்றேன்.

சேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கல்லில் ஏறினார். இரண்டு கையாலும் அந்தப் பச்சைத் தண்ணீரை ஏந்தி எல்லாரும் பார்க்கக் குடித்தார். "சாயம்தான் அம்மா. ஒண்டும் செய்யாது. நாளையிண்டைக்குத் தெளிஞ்சிடும்," என்றார். பெண்களின் முகம் கொஞ்சம் இளகியது. இரண்டாவது கை அள்ளியதை அவர் விழுங்கவில்லை. வாய்க்குள் சுற்றினார். கண்ணை மூடினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுண்ணாம்பு இல்லை," என்றார். "துப்புரவாய், ஒரு துளியும் இல்லை. நல்ல தண்ணி பிள்ளை. இவ்வளவு நல்ல தண்ணி நான் இஞ்ச குடிக்கேல்லை."

அதன் அர்த்தம் எங்கள் இருவருக்கும் விளங்கியது. சுண்ணாம்பு கலக்காத தண்ணீர் அந்தக் கீழடுக்கிலிருந்துதான் வர முடியும். எங்கள் செம்புக்குக் கட்டுபடியான அடுக்கும் அவர்கள் குடத்துக்கு இனிப்பான அடுக்கும் ஒன்று.

அதற்காக உடனே விட்டுவிடவில்லை. சாயம் தெளிந்த பிறகு குணபால பாஸ் ஒரு யோசனை சொன்னார். "மாத்தயா, நடு ஓட்டையில கூட இழுப்போம். அப்ப தண்ணி எல்லாம் உள்ள வரும், வெளிய போகாது." சரியான யோசனைதான். அப்படித்தான் செய்தோம், சாயத்தை மறுபடி விட்டு, இந்த முறை லெட்சுமியிடமும் மற்றவர்களிடமும் சொல்லிவிட்டு, அவர்களுக்கு வேறு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு. இழுப்பைக் கூட்டக் கூட்டப் பீலியில் பச்சை குறைந்தது. எனக்கு உயிர் வந்தது. பிறகு பச்சையோடு தண்ணீரும் குறைந்தது. கை பருமனில் விழுந்தது விரல் பருமனாகி, நூலாகி, கடைசியில் சொட்டியது. இழுப்பைக் குறைத்தால் தண்ணீர் வந்தது, கூடவே பச்சையும் வந்தது. இயந்திரத்தைக் கூட்டியும் குறைத்தும் அந்த வாரம் முழுவதும் பார்த்தோம். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கும் என்று தேடினோம். இல்லை.

கடைசி நாள் மாலை பீலிக்கரைக் கல்லில் சேர் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சேர், இவங்களுக்கு வேற எடத்துல இருந்து குழாய்த் தண்ணி கொண்டுவந்து குடுத்துரலாமே? வீட்டுக்கு வீடு பைப் போட்டுக் குடுத்தா சந்தோஷமா ஏத்துக்குவாங்க. இந்தப் பீலி இல்லாட்டி என்ன?"

அவர் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் மறந்திருப்பேன்.

"பிள்ளை, ஒருத்தரையும் எழுப்பாத சுரங்கமெண்டுதானே தொடங்கினது. ஆக்களை இருக்கவிட்டுட்டு அவையின்ர தண்ணியை எழுப்பி அனுப்புறதும் எழுப்புறதுதான்."

குணபால பாஸ் பக்கத்தில் நின்றார். அவருக்கு இவ்வளவு தமிழ் விளங்கியதோ தெரியாது. போய் இயந்திரத்தை நிறுத்தினார். சத்தம் நின்றதும் பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. நான் அழுதேன். எதற்கென்று அப்போது கேட்டிருந்தால், ஆய்வுகூடத்துக்காக என்று சொல்லியிருப்பேன்.

துளைகள் எல்லாவற்றையும் அடியிலிருந்து சீமெந்து ஊற்றி அடைத்தோம். அடைக்கிற வேலையையும் அவர் வேறொருவர் பொறுப்பில் விடவில்லை, தானே நின்று பார்த்தார். அடுத்த வருடம் வெளிநாடு போய்விட்டார். ஏதோ ஒரு பாலைவனத்தில், மனிதர் குடிக்கிற தண்ணீரே இல்லாத இடத்தில், அவருடைய தோண்டாத சுரங்கம் கிடைத்தது. வருடம் ஒருமுறை, நத்தார் பண்டிகைக்கு அழைப்பார். நான் குடும்பத்தை விசாரிப்பதற்கு முன் அவர் கேட்பார்: "பீலித் தண்ணி எப்பிடி பிள்ளை?"

"நல்லா விழுது சேர். உங்க செம்பு எப்படி?"

"செம்பு நல்லா வருது. தண்ணிதான் வாயில வைக்கேலாது." சிரிப்பார். ஒருமுறை வாங்களேன், வந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்களேன் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வேன். "பார்ப்பம்" என்பார். அவர் வாழ்க்கையில் சொல்லி நடக்காமல் போன பார்ப்பம் அது ஒன்றுதான். ஒரு நத்தாருக்கு அழைப்பு வரவில்லை. தைப்பொங்கலுக்கு அவருடைய மகள் அழைத்துச் சொன்னாள்.

இதை எழுதி முடிப்பதற்கு முன் பர்ஸானாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் வந்தேன். லெட்சுமி இருக்கிறாள். முட்டி வலியாம், பேச்சுக்கு வலி இல்லை. பர்ஸானா பீலிக்கரையில் நின்று கேட்டாள்.

"இப்ப புது முறையெல்லாம் வந்திருக்கு மிஸ். கணினியில பாறையின்ட வெடிப்பெல்லாம் பாக்க ஏலும். இப்ப செஞ்சா சரிவருமா?"

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் முகத்திலும் அந்தப் பிரகாசம் இருந்தது, எனக்குத்தான் அது தெரியுமே. "பார்ப்பம்" என்றேன். யாழ்ப்பாணத்துச் சொல் என் வாயில் எப்படி வந்தது என்று லெட்சுமி சிரித்தாள். பிறகு பர்ஸானாவுக்குத் தேத்தண்ணீர் போடப் போனவளைத் தடுத்து, ஒரு கிளாஸ் வெறும் பீலித் தண்ணீரே தரச் சொன்னேன். வந்த பிள்ளைக்கு மரியாதையில்லாமல் வெறுந் தண்ணீர் கொடுக்க வைக்கிறீர்களே என்று லெட்சுமி முணுமுணுத்துக்கொண்டே தந்தாள். பர்ஸானா குடித்தாள். இன்னொரு கிளாஸ் கேட்டாள்.

வரும்போது ஒரு போத்தல் நிரப்பிக்கொண்டு வந்தேன். வீட்டில் அதைக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தப் பழக்கம் போகவில்லை. துளிக்கூடப் பச்சை இல்லை, தெளிந்த தண்ணீர். இத்தனை பேர் நிம்மதியாகக் குடிக்கிற தண்ணீர் அப்படித்தான் இருக்க வேண்டும். என்றாலும் அந்தப் பச்சை இல்லையே என்று இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, சேரைப்போல் வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் குடித்தேன்.